தாயைப் பார்க்கப் போனவள்

நாய்க்குட்டிக்குத் தரையில் நிற்கத் தெரியவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து தூக்கிக் கூடத்தில் விட்டதும், முன்னங்கால் ஒன்றை உயர்த்தி, அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நடுங்கியது. பாதத்து விரல்களை அகல விரித்து, எதையோ பற்றிக்கொள்ளத் துழாவியது. கலைப்பிரியா கைதட்டிச் சிரித்தாள். டான்ஸ் ஆடுது பாரும்மா என்றாள். அவள் அம்மா அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பால் மறந்த ஒரு குட்டிக்குத் தரை எப்படிப் புதிதாக இருக்கும்?

அன்புச்செல்வி திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். புருஷன் லாரியோடு வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு துணை என்று நினைத்துத்தான், செல்போனில் படம் பார்த்து அந்த வெள்ளைக் குட்டியைக் கேட்டிருந்தாள். விற்றவன் பெயர் கண்ணையன். வாய் கொள்ளாத மரியாதையோடு பேசினான். நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில், புறப்படத் தயாராய் உறுமிக்கொண்டிருந்த புதுச்சேரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். அவன் முகம்கூட அவளுக்குச் சரியாக மனசில் நிற்கவில்லை. பெட்டியின் வாடைதான் நின்றது. கண்ணைக் கரிக்கும் மூத்திர வாடை. அதற்கு மேலே அவசரமாகக் கொட்டிய பினாயில்.

அந்த வாரமே குட்டி சாப்பிடுவதை நிறுத்தியது. பிறகு வாந்தி. பிறகு ரத்தமாகப் போயிற்று. கால்நடை மருத்துவர் நெடுஞ்செழியன் அதன் ஈறை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மருந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"இதோட தாயைப் பாத்தீங்களா?"

படம் அனுப்பினார் சார் என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் தாயைப் பார்க்க வேண்டும், அது பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும், ரோட்டில் நின்று கைமாற்றுகிறவன் இடத்தை மறைக்கிறான் என்று அர்த்தம் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. விடிவதற்குள் குட்டி கலைப்பிரியாவின் மடியிலேயே விறைத்துப்போனது.

கண்ணையனுக்குப் போன் போட்டாள். அவன் சண்டைக்கு வரவில்லை. வேற குட்டி தர்றேங்க என்றான். எனக்குக் குட்டி வேண்டாம், தாயைப் பார்க்கணும் என்றாள். அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. இத்தனை நாய் வளர்க்கிறவன். எத்தனையோ முறை பேசியிருக்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் ஒருமுறைகூட ஒரு குரைப்பு கேட்டதில்லை.

"வாங்க" என்று வழி சொன்னான்.

சாயங்காலம் மகளைப் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கிளியனூர் தாண்டியதும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மெயின் ரோட்டை விட்டு இறங்கிய மண்பாதை மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், ஒரு சவுக்குத் தோப்பைச் சுற்றி, கைவிடப்பட்ட கோழிப்பண்ணை ஒன்றின் வாசலில் முடிந்தது. நீளமான ஷெட். பாசி படிந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பக்கவாட்டுக் கம்பி வலையை முழுக்க மூடி நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்றடித்தபோது பாய் உப்பியது. நின்றபோது கம்பியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே எதுவோ மூச்சு விடுவதுபோல.

வண்டியை நிறுத்தினாள். சவுக்குத் தோப்பின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தம் இல்லை. ஆள் வந்தால் குரைக்காத நாய் உண்டா? இடம் மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாடை அதே வாடை. பெட்டியில் இருந்தது ஒரு கையளவு. இங்கே அது தொண்டைக்குள் இறங்கியது.

போன் அடித்தது. கரண்டு இல்லீங்க, வெளியவே இருங்க, நான் வந்துக்கினே இருக்கேன், உள்ள மட்டும் போவாதீங்க என்றான். அவள் சரி என்றாள். சொல்லிக்கொண்டே தகரக் கதவைத் தள்ளினாள்.

இருட்டு. வெதுவெதுப்பான இருட்டு. முதலில் தூறல் விழுகிறது என்று நினைத்தாள். கூரையில் இல்லை, பக்கவாட்டில், இரண்டு பக்கமும், கம்பியின்மேல் எண்ணற்ற நகங்கள் நெருடும் சத்தம். அதற்கடியில் இன்னொன்று. காற்றுப் போகும் சத்தம். ஓட்டை விழுந்த துருத்தியைப் பலர் சேர்ந்து அமுக்குவதுபோல. ஹ். ஹ். ஹ்.

போனில் லைட்டைப் போட்டாள்.

வாய்கள். இரண்டு பக்கமும், மூன்று அடுக்காக, கூண்டு கூண்டாக, திறந்து மூடும் வாய்கள். கழுத்து நரம்பு புடைக்க, முன்னங்கால் கம்பியில் துள்ள, எல்லா நாய்களும் அவளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்தும் குரல் வரவில்லை.

அடியில் தரை கிடையாது, வெறும் கம்பி. மேலடுக்கின் மலம் கீழடுக்கின் முதுகில் காய்ந்திருந்தது. காலை எடுத்து வைக்க முடியாமல் நின்றாள். இடதுபக்கக் கூண்டில் ஒரு வெள்ளை நாய். வெள்ளை என்று ஊகிக்கத்தான் முடிந்தது. மடி கம்பி வழியே தொங்கியது. செத்த குட்டிக்கு இருந்த அதே பழுப்புக் காது. அது குரைக்கவில்லை. கம்பியில் மூக்கை அழுத்தி அவள் கையை மோந்தது. மோந்துகொண்டே இருந்தது. அந்தக் கையால்தான் செத்த குட்டியைத் துணியில் சுற்றியிருந்தாள்.

அப்போது ஷெட்டின் கோடியில் ஒரு குரைப்பு கேட்டது.

நிஜக் குரைப்பு. கணீரென்று. அவ்வளவு வாய்களுக்கு நடுவே ஒரே ஒரு குரல். கடைசிக் கூண்டில் ஒரு சிவலை நாய். கழுத்தில் இன்னும் பட்டை இருந்தது. யாரோ ஆசையாகத் தைத்த சிவப்புப் பட்டை.

"இது புதுசுங்க."

கண்ணையன் அவளுக்குப் பின்னால் நின்றான். மழையில் நனைந்திருந்தான். கையில் ஒரு துணிப்பை. கோபமே இல்லை அவன் முகத்தில். கொல்லைக்காரங்க சத்தம் சத்தம்னு பேஜாரு பண்ணாங்க, என்னா பண்றது, அதான் எல்லாத்துக்கும் குரல் நரம்ப எடுத்துட்டோம், ரெண்டு நாள்ல ஆறிடும் என்றான். கதவைச் சாத்திவிட்டு வந்து, பையிலிருந்து நீளமான ஒரு கத்தரியை எடுத்துத் துண்டில் துடைத்தான்.

நான் போறேன் என்றாள். அது அவள் காதுக்கே எட்டவில்லை.

"பொண்ணு நல்லா இருக்குதா? கலைப்பிரியாதான பேரு? ஸ்கூல் விட்டு நடந்தே வர்றதா சொன்னீங்களே."

ஆமாம். அவள்தான் சொன்னாள். குட்டி கேட்ட சந்தோஷத்தில், பிள்ளையைப் பற்றி எல்லாம் சொன்னாள்.

அவன் கடைசிக் கூண்டைத் திறந்தான். சிவலையின் வாயைப் பிளந்து, மூடாதபடி கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினான். பழகிய கை. அவசரமில்லாத கை. பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னான்.

"கரண்டு இல்லீங்களே. அந்த லைட்ட கொஞ்சம் பிடிங்க. உள்ள தெரியணும்."

கதவு அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. அவளால் ஓட முடியவில்லை. மகள் நடந்து வரும் தெரு கண்ணுக்குள் வந்தது. பள்ளிக்கூடப் பை. ஒற்றைச் சடை.

கடைசிக் கூண்டுவரை நடந்தாள். அவள் கை உயர்ந்தது.

வெளிச்சம் நாயின் வாய்க்குள் விழுந்தது. சிவந்த நாக்கு. மின்னும் பற்கள். அதற்குப் பின்னால், ஆழத்தில், துடிக்கும் தொண்டை.

"அசைக்காதீங்க."

அவள் அசைக்கவில்லை.

ஒரு குரைப்பு. பாதிக் குரைப்பு. பிறகு கொழகொழவென்று ஏதோ. பிறகு மழை.

கயிற்றை அவிழ்த்தான். சிவலை எழுந்து நின்றது. தள்ளாடியது. வெளிச்சத்துக்கு நேராக, அவள் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து முழு மூச்சோடு குரைத்தது. ரத்தத் துளிகள் அவள் கன்னத்தில் தெறித்தன. இரண்டு பக்கமும் எல்லா வாய்களும் சேர்ந்து திறந்தன.

ஹ். ஹ். ஹ்.

லைட்டைப் பிடித்த கை ஆடாமல் இருந்தது.