இடக்கையில் விளக்கு

"ஐயோ... களவு! பட்டப்பகலில களவு!"

யோகராஜாவின் அலறலில் ஆர்ச்வே பகுதியிலிருந்த அந்தச் சின்னப் பட்டறையே அதிர்ந்தது.

கிளறிற்றாவின் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. பழைய அச்சுப் படங்களைக் கழுவிச் சீராக்குவது அவள் தொழில்.

"என்னண்ணை?"

"நடிக்காதை! ஜெர்மனியில வாங்கி, நேர உன்ர கையில தந்த படம். ஐந்நூறு வருஷத்து ஒரிஜினல்! துறவியின்ர வலக்கையில விளக்கு. இப்ப பார்... இடக்கை! படத்தை மாத்திப்போட்டாய்!"

போனை நீட்டினார். வாங்கிய அன்று படத்தோடு எடுத்த செல்ஃபி.

வலக்கை!

அலுமாரியிலிருந்த மியூசியப் புத்தகத்தைப் புரட்டினார்.

அதே துறவி. அதிலும் வலக்கை!

"பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன். வருகினம்."

கிளறிற்றா கதவைப் பார்த்தாள். ஒரு வழக்கு போதும்... பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்!

செல்ஃபியை மறுபடி பார்த்தாள்.

பார்த்தவள்... சிரித்தாள்!

"அண்ணை, சேர்ட் பொக்கற் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். ஏன்?"

"செல்ஃபியில?"

வலப்பக்கம்!

"உங்கட போன் செல்ஃபியைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப்போடுது. நீங்கள் தந்ததே இடக்கைத் துறவிதான்!"

"அப்ப... புத்தகத்தில?"

கதவு திறந்தது. கான்ஸ்டபிள் அஜித்தா.

"ஆர் கள்ளன்?"

"சொல்லுறன், இருங்கோ!" கிளறிற்றாவுக்கு உற்சாகம் பொங்கியது. "செப்புத் தகட்டில செதுக்கினது தாளில இடம்வலம் மாறித்தான் விழும். சொந்தமாச் செய்யிறவன் அதை யோசிச்சுத் திருப்பிச் செதுக்குவான். கொப்பி அடிக்கிறவன் அச்சைப் பார்த்து அப்படியே செதுக்குவான். தாளை உரிச்செடுத்தா... கை மாறியிருக்கும்! புத்தகத்தில இருக்கிறதைப் பார்த்து ஆரோ அடிச்ச கொப்பி இது!"

"கீழ கலைஞன்ர கையெழுத்து நேராத்தானே கிடக்கு!" யோகராஜா விடவில்லை.

"அதை மட்டும் மறக்காமல் திருப்பிச் செதுக்கியிருக்கிறான். படத்தோட சேர்த்து கலைஞன்ர பேரையும் களவெடுத்த ராஸ்கல்!"

யோகராஜா கதிரையில் சரிந்தார்.

"அப்ப ஒரிஜினல் இல்லையோ...?"

"தாள் அந்தக் காலத்துத் தாள்தான். ஐந்நூறு வருஷத்து ஒரிஜினல் களவண்ணை!"

அஜித்தா பேனாவைக் கடித்தாள்.

"கள்ளன் செத்தே ஐந்நூறு வருஷம்... வாக்குமூலம் ஆரிட்ட எடுக்கிறது? சரி, ரிப்போட்டுக்கு ஒரு படமாவது எடுப்பம்."

யோகராஜா துள்ளி எழுந்தார். துறவியை அணைத்தபடி போனை உயர்த்தினார்.

"ஐயோ... செல்ஃபி வேண்டாம் அண்ணை!" கிளறிற்றா பாய்ந்தாள். "துறவி இன்னொருக்காக் கை மாத்தினா, நான் திரும்பவும் கள்ளி!"