காட்டுக்காரியின் பதினேழு கேள்விகள்

“அந்தப் புத்தகத்தை இப்படிக் குடுங்க.”

“நான்தானே முதல்ல எடுத்தேன்...”

“நீங்க எடுத்தீங்க. நான் தேடி வந்தேன். ரெண்டும் ஒண்ணா?”

நூலகத்தின் கடைசி அலமாரி. காலை ஒன்பதரை மணி. ஜன்னலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் இருந்தது காட்டுக்காரி வரிசையின் முதல் நாவல். மறுபதிப்பே வராமல் போனது... ஊருக்கே ஒரு பிரதி.

அவன் நிமிர்ந்தான். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி, கரைந்து வழியும் கண்மை. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாத கோபம். கோபத்தில் இத்தனை பெரிதாகிற கண்களை அவன் பார்த்ததில்லை.

“பதினோரு மணிக்குள்ள எனக்கு இது வேணும்,” என்றாள்.

“எனக்கும் பதினோரு மணிக்குள்ளதான் வேணும்.”

“எதுக்கு?”

“ஒருத்தங்களோட சண்டை போடணும். ஆதாரத்தோட.”

“எனக்கும் அதே வேலைதான்.”

மேசையிலிருந்து நூலகர் குரல் கொடுத்தார். “ஏம்மா, புத்தகம் ஒண்ணு. பாதியாப் பிச்சா குடுக்க முடியும்? ரெண்டு பேரும் எந்தப் பக்கம் போறீங்க?”

இருவரும் ஒரே தெருவின் பெயரைச் சொன்னார்கள்.

“அப்ப சேர்ந்து போய்த் தொலைங்க. கையெழுத்து யாரு?”

அவள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளிடம் புத்தகம் இருந்தது. அவனிடம் குடை இருந்தது. வேறு வழியில்லை.

பாதித் தெரு தாண்டியாயிற்று. பிறகு அவன்தான் ஆரம்பித்தான். “நான் இதைப் படிச்சதில்லைங்க.”

“படிக்காததுக்கு எதுக்கு சண்டை?”

“இந்தக் கதை புதுசாப் படமா வந்திருக்கு. வெளிமொழிப் படம். டப்பிங்குக்கு நான்தான் வசனம் எழுதினேன். குரல் குடுக்கற அம்மா என் பிரதியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பதினேழு இடத்துல சிவப்பு வட்டம். கீழ ஒரு குறிப்பு வேற... ‘இதை எழுதினவர் காட்டுக்கு வேண்டாம், மொட்டை மாடிக்காவது போயிருக்காரா?’”

அவள் கால் ஒரு நொடி தயங்கியது. அடப் பாவி... அது நீயா? சொல்லிவிடலாமா? வேண்டாம். கொஞ்ச தூரம் போகட்டும்.

“அந்தம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?”

“அறுபதுக்குக் குறையாது. கையெழுத்திலேயே மூக்குக்கண்ணாடி தெரியுது.”

“ஓ.”

குடைக்கம்பியிலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். அவன் சட்டையின் ஒரு பக்கம் முழுதும் நனைந்தது. அதைக் கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கவனித்தாள்.

“இவ யாருன்னு தெரிஞ்சுக்குங்க,” என்று புத்தகத்தைத் தட்டினாள். “முதல் நாவல்ல இவ காட்டு ஆத்தை அளக்க வந்தவ. புகைப்படக்காரன் ஒருத்தன் வழி தப்பி வர்றான். இவதான் அவனை அதட்டி நடக்கவெச்சுக் கரை சேர்க்கிறா. அஞ்சாவது நாவல்ல அவனையே கட்டிக்கறா. அதோட கூடாரத்துல உக்கார்ந்து அவன் எப்ப வருவான்னு பார்த்துட்டிருக்கா. அப்புறம் பழைய படம் வந்துச்சு. அதுல கால் சுளுக்கு. படம் முழுக்க அவன் தோள்லயே சவாரி. அதுக்கப்புறம் தொலைக்காட்சித் தொடர்... இடுப்புல கத்தி. நாற்பது வாரத்துல அந்தக் கத்தியால ஒரு கொடியைக்கூட வெட்டலை.”

“புதுப் படத்துல பத்துப் பேரை அடிக்கிறாளே?”

“அடிக்கிறா. அடிச்சு முடிச்சிட்டு அவன் மூஞ்சியைப் பார்த்து, ‘இப்ப என்ன செய்றது?’ன்னு கேக்கறா. பதினேழு தடவை. காலுக்குப் பலத்தைக் குடுத்திட்டு மூளையைக் கழட்டி வெச்சிட்டாங்க. பார்க்கறவங்க கை தட்டுவாங்க, பொண்ணு முன்னேறிட்டான்னு...”

அவன் நின்றுவிட்டான்.

“பதினேழுன்னு நான் சொன்னேன். என்ன கேள்வின்னு நான் சொல்லவே இல்லையே...”

“அறுபது ஆக எனக்கு இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருக்கு,” என்றாள் அவள். “நாற்பது வாரம் அந்தக் கத்திக்குக் குரல் குடுத்தவளும் நான்தான். இந்த ஒரு படத்திலயாவது அவ வாயில ஒழுங்கா நாலு வார்த்தை வரும்னு பதிமூணு வருஷமாக் காத்திருந்தேன்.”

குடையை விட்டு விலகி மழையில் விறுவிறுவென்று நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“எழுதினபடி பேசும்மா. வாயசைவு அப்படி இருக்கு. நான் என்ன பண்ண?”

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று... அவனோ கண்ணாடிக்கு அப்பால் ஊமையாக அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்த அந்தப் பதினேழு துண்டுக் காட்சிகளையே வெறித்துக்கொண்டிருந்தான். முழுசாக நாலு நிமிடம்.

“நல்லது. இந்தப் பிள்ளையார் எழுதினதை இவரையே பேசச் சொல்லுங்க.”

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள்.

“பதினோரு இடத்துல அவ முகமே தெரியலைங்க.”

திரும்பினாள். அவன் மேல்படியில் மூச்சு வாங்க நின்றான். “முதுகு... இருட்டு... தூரம். அங்கெல்லாம் நாம என்ன வேணா பேசவைக்கலாம். மீதி ஆறுதான் கஷ்டம். அவ உதடு ஒட்டற இடத்துல நமக்கும் ஒட்டணும். ம-வோ ப-வோ வரணும்.”

“இதை அங்கயே சொல்ல என்ன கேடு?”

“எண்ணி முடிக்கலை.”

சிரிப்பு வந்தது. கோபம் அதை வெளியே விடவில்லை.

சின்ன அறை. நடுவில் நாவல், எதிரில் திரை. முதலாளி சாப்பிடப் போன நேரம்தான் கெடு. அவன் ஒரு வரி எழுதுவான், அவள் பேசிப் பார்ப்பாள், உதடு தப்பும், வரியை அடித்துவிடுவான்.

“உதட்டைப் பாருங்க,” என்றாள்.

“பார்க்கறேன்.”

“அவ உதட்டை. திரையில.”

அவன் காது சிவந்தது. அவளும் அவசரமாகப் பக்கம் புரட்டினாள்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. முழுத்திரைக்கும் முகம், மூன்று முறை உதடு ஒட்டுகிறது. பத்து வரி எழுதி அடித்தாயிற்று. புத்தகத்தில், காட்டுக்காரி புகைப்படக்காரனை அதட்டும் வரியில் அவள் விரல் வைத்தாள். அவன் மெல்ல வாசித்தான்.

“பேசாம என் பின்னாடி வா.”

ஒளிவாங்கியின் முன் போய் அவள் அதைச் சொன்னாள். திரையிலிருந்த முகம் அந்தக் கணத்தில் வேறு ஆளாக மாறியது. மூன்று இடமும் ஒட்டியது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றது முதலாளியின் குரல். எப்போது வந்தாரோ, கதவோரம் நின்றிருந்தார். “பதினேழையும் மாத்திடுங்க தம்பி.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“ஆனா நாளைக்கு வேற பொண்ணு வந்து பேசும். வட்டம் போடற குரல் எனக்குச் சரிப்படாது. இன்னைக்குப் பதினேழு, அடுத்த படத்துல எழுபது.”

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “அப்ப என் வசனமும் வேண்டாம். பேரையும் எடுத்திடுங்க.”

“உக்காருங்க,” என்றாள் அவள்.

“இல்லைங்க, இது...”

“உக்காருங்கன்னு சொல்றேன்.” முதலாளி தோளைக் குலுக்கிக்கொண்டு போகும்வரை பொறுத்தாள். “நீங்க போனா பழைய பிரதிதான் அந்தப் பொண்ணு கைக்குப் போகும். பதினேழும் திரும்ப வந்திடும். எனக்காக வீரம் காட்டி அவளைக் கெடுக்காதீங்க.”

“பதிமூணு வருஷம்னு சொன்னீங்களே...”

“சொன்னேன். அது என்னோட கணக்கு. நான் பார்த்துக்கறேன்.” குரல் உடைந்தது. எத்தனை ஆயிரம் அழுகைகளைக் கச்சிதமாகப் பேசிய குரல்... தன் அழுகைக்கு மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

“அழறீங்களா?”

“கோபம். கண்ணு வழியா வருது.”

அவன் எழுதிய தாள்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். “காலையில அலமாரிகிட்ட நீங்க அதட்டினீங்களே... அப்பவே எனக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை...”

“வசனம் எழுதறவரு பேசற பேச்சா இது?”

“உங்களைப் பிடிச்சிருக்கு.”

“எனக்கும்தான்,” என்றாள் எரிச்சலோடு. “அந்தாளு மேல மட்டுமில்ல, உங்க மேலயும் ஒரு வாரத்துக்குக் கோபமா இருக்கணும்னு நினைச்சேன். அதையும் கெடுத்துட்டீங்க.”

பையை மாட்டிக்கொண்டாள். கதவருகே போய் நின்றாள்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. ஒரு வார்த்தை மாறக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ வாசல்ல நிப்பேன். பதினேழும் சரியா வந்துச்சுன்னு நீங்கதான் வந்து சொல்லணும். ஒரு நிமிஷம் தாமதமானாலும்...”

“ஆனாலும்?”

தேடிப் பார்த்தாள். காலையிலிருந்து வாயில் வந்து விழுந்துகொண்டிருந்த சுடுசொற்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

“நிப்பேன்,” என்றாள்.