மாமனார் நாற்காலியில் மைக்

ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களை அடைத்து, ஐஸ்பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிய பிறகும், ராதாகிருஷ்ணன் வாங்கி வந்த டிஜிட்டல் ஈக்குவலைசரின் பச்சைக் கோடுகளில் ஒன்று மட்டும் அடங்காமல் மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"கோமதி, இப்படி மூச்சு வாங்காதே லா. மைக்குல விழுது."

"நான் அடுப்படியிலதானேங்க நிக்கிறேன்."

அந்தக் கருவி ஸ்பீக்கரில் ஓர் இரைச்சலை விட்டு, மைக் வழியாகத் தானே அதைக் கேட்டு, கூடம் விழுங்கிவிடும் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்குமாம். கேட்பவரின் காது இருக்கும் இடத்தில் மைக் இருக்க வேண்டும். மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்த வீட்டில் அதற்குத் தோதான இடம் என்று, ஏழு மாதத்துக்கு முன் இறந்த தன் அப்பாவின் பிரம்பு நாற்காலியில், அவர் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறையேறிய மேல்விளிம்பில், மைக்கைக் கட்டியிருந்தான்.

அந்தக் கறையைக் கோமதி எத்தனையோ முறை தேய்த்துப் பார்த்துவிட்டாள். மூடிய கூடத்தின் புழுக்கத்தில் அது மறுபடியும் நாறியது. தைலம், புளித்த வியர்வை, எச்சில் டப்பாவின் அடியில் உறைந்துபோன சளி. அவள் முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மாமா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் கணவனிடம் சொல்லியிருந்தாள். அவனும் நம்பியிருந்தான்.

இரைச்சல் நின்றது. கோடுகள் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"இப்பப் பாரு, எப்படிச் சுத்தமா கேக்குதுன்னு."

கேசட்டை அவன் இன்னும் போடவில்லை. ஸ்பீக்கரில் கொழகொழவென்று ஏதோ புரண்டது.

"என்னடா இது, உள்ளே தண்ணி பூந்துருச்சா?"

தண்ணீர் இல்லை. சளி. தொண்டைவரை ஏறி, வெளியே வராமல், திரும்ப இறங்கும் கெட்டிச் சளி. அவளுக்குத் தெரியும்.

"கோமதி... தண்ணி... ம்மா..."

ராதாகிருஷ்ணனின் கை அப்படியே நின்றது. "அப்பா கொரல் லா இது."

பிறகு ரேடியோ. ஏதோ சோப்பு விளம்பரம். மாமா போன அன்று மத்தியானம், அந்தச் சளிச் சத்தத்தின் அருவருப்புத் தாங்காமல் அவளே திருகித் திருகிக் கூட்டிய ரேடியோ. அதன் அடியில் கொப்பளிப்பு. நீண்டது. அடைத்தது. நின்றது.

அவன் திரும்பினான்.

"தூக்கத்துலன்னு சொன்னியே."

இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையில் ஏதோ ஏறியது. வெதுவெதுப்பாக. உப்பாக. அவளுடையதல்ல.

நாற்காலியில் மைக்கின் கறுப்புப் பஞ்சு ஊறி உப்பியிருந்தது. மஞ்சள் இழை ஒன்று அதிலிருந்து தரைக்கு இறங்கி, அறாமல் நீண்டு, அடுப்படி வாசலில் அவள் காலைத் தொட்டது.

விழுங்க முடியவில்லை.

துப்பவும் முடியவில்லை.