மணல் கழுவுமிடம்

தீவிலிருந்து கடைசிப் படகு கிளம்பிப் போன பிறகும் கரையில் யாரோ குளிக்கும் சத்தம் கேட்டது.

லைஃப்கார்டு சிவப்புக் கொடியை இறக்கிக்கொண்டிருந்தான். சன்ஸ்கிரீன் வாசனையும் பாசியின் வீச்சமும் கலந்த அந்திக்காற்றில், கடலாடியவர்கள் மணல் கழுவிக்கொள்ளும் திறந்தவெளி ஷவரிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழும் ஓசை, யாரோ திரும்பித் திரும்பி நின்று நனைவதுபோல விட்டுவிட்டு வந்தது. மூட மறந்திருப்பார்கள் என்று போனான்.

ஷவரடியில் யாருமில்லை. ஆனால் தண்ணீர் நேராகத் தரைக்கு வரவில்லை. அவன் இடுப்புயரத்தில் எதன்மீதோ பட்டுத் தெறித்து, இரண்டு சின்னத் தோள்கள்மேல் வழிவதுபோலப் பிரிந்து வழிந்தது.

அவனுக்குத் தெரிந்த உயரம். போன கோடையில் அலை இழுத்துப்போன யாரோ பெற்ற பிள்ளையை அவன் நீந்திக் கரைசேர்த்தபோது, அவன் பின்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட்ட அவன் மகளின் உயரம். கரையே அவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் மூழ்கிப்போனதை யாரும் பார்க்கவில்லை.

"கண்ணு..."

தண்ணீருக்குள் இருந்தது சட்டென்று கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கியது.

"கூப்பிடாதீங்க. பயந்துக்குவா."

மனைவி. கையில் துண்டு. காற்று வாங்கப் போகிறேன் என்று அவள் தினமும் சாயங்காலம் கிளம்புவது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"உன்கிட்ட வர்றாளா?"

"என்கிட்ட மட்டும்தான். உங்கள எட்ட நின்னு பாத்துட்டுப் போயிடுவா." அவள் துண்டை உதறினாள். "அப்பா ஏன் என்னைத் திரும்பிப் பாக்கலன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் குந்தி உட்கார்ந்து துண்டை விரித்தாள்.

"வா தங்கம். தல துவட்டிக்கோ."

துண்டுக்கடியில் ஒரு தலை எழுந்தது. நெற்றி. மூக்கு.

அவன் மண்டியிட்டான். "அப்பாகிட்டயும் வாம்மா."

துண்டு அவன் பக்கம் திரும்பியது. பார்த்தது. மறுபடி அம்மாவிடமே சாய்ந்தது.

மனைவியின் முதுகில் ஈரக் கைத்தடங்கள். சின்ன விரல்கள். இறுகின.

"தனியா இருக்க முடியலையாம்," என்றாள் அவள். "கூட வரச் சொல்றா. வர்றேன்னு சொல்லிட்டேன்."

மனைவியின் கையைப் பற்றி இழுத்தான். சில்லிட்டிருந்தது. ஊறிப்போன கை. அசையவில்லை.

காற்று நின்றிருந்தது. சுற்றிலும் மணல் காய்ந்து கிடந்தது. அவள் மகளை அணைத்தபடி சிரித்தாள்; அந்தச் சிரிப்பின் இரு ஓரங்களிலும் கடல்தண்ணீர் நுரைத்து வழிய, அவள் கூந்தல், ஆழத்தில் மிதப்பதுபோல, மெல்ல மெல்ல மேலெழுந்தது.