சதுரத்திலிருந்து சதுரத்துக்கு

வரையி மறுபடியும் அம்பைத் துப்பியது.

கோமதிநாயகம் திரையில் இரண்டு சதுரங்கள் வரைந்திருந்தார். இடப்பக்கச் சதுரத்தில் அவர் பெயர். வலப்பக்கத்தில் மகள் நாச்சியாரின் பெயர். நடுவே ஓர் அம்பு, அதன் தலைக்கு மேல் 'ஈரல், ஒரு பகுதி' என்ற எழுத்து. வரையி அந்த அம்பைக் கொஞ்சம் சவைத்துப் பார்த்துவிட்டு, வாயில் ஈ விழுந்தாற்போல வெளியே தள்ளியது. கீழே சிவப்பில் ஒரு வரி: சதுரத்திலிருந்து சதுரத்துக்கு நேர்க்கோடு கூடாது.

"துப்பிட்டா சார்?" என்று அடுத்த மேசையிலிருந்து பியூலா கேட்டாள். பாளையங்கோட்டை ஓட்டப்படக் கூடத்தில் அவர் வரைகிற படங்களைச் சரிபார்ப்பவள் அவள்தான்.

"துப்பிட்டு. காறித் துப்பலை, அதுவரைக்கும் மரியாதை."

ஊரில் இப்போது அலுவலகம் என்று தனியாக ஒன்று கிடையாது. படம்தான் அலுவலகம். அதில் நாலே உருப்படிகள். சதுரம் என்றால் வெளியார், அதாவது கேட்கவும் வாங்கவும் வருகிற பொதுமக்கள். வட்டம் என்றால் வினை. ஒன்றை வாங்கி வேறொன்றாக்கித் தருவது. இரட்டைக்கோடு என்றால் கிடங்கு. இவற்றுக்கிடையே எது எங்கே போகிறது என்று காட்டுவது அம்பு. ஒரு காலத்தில் பொறியாளர்கள் இந்த ஓட்டப்படங்களை அழகாக வரைந்து, கூட்டத்தில் காட்டி, டீ குடித்து, பிறகு சம்பந்தமே இல்லாமல் வேறெதையோ கட்டுவார்கள். படத்தை அப்படியே நடத்திவைக்கிற எந்திரமான வரையி வந்ததும் அந்த வசதி போயிற்று. படத்தில் அம்பு இருந்தால் குழாயில் தண்ணீர் வரும், கதவு திறக்கும், அறுவைக்கூடத்தின் எந்திரக்கைகள் கத்தியை எடுக்கும். அம்பு இல்லையென்றால் இல்லை. கெஞ்சிப் பயனில்லை, வரையிக்கு யாரும் காது வரையவில்லை.

சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் நேராகப் போகிற சமாசாரத்துக்கு முன்பு லஞ்சம் என்று பெயர். அதை ஒழிக்கத்தான் நேர்க்கோட்டைத் தடுத்தார்கள். தடுத்தவர்களில் கோமதிநாயகமும் ஒருவர். அந்த வருடம் அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் காபி கொடுத்துக்கொள்ள அம்பு வேண்டியதில்லைதான். ஆனால் எந்திரத்தின் கை பட வேண்டிய எதுவும் ஒரு வட்டத்துக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும்.

நாச்சியாருக்குப் பத்தொன்பது வயது. காமாலை என்று ஆரம்பித்தது ஈரலைத் தின்று தீர்த்திருந்தது. அப்பாவின் ஈரல் அவளுக்குப் பொருந்தும். ஆனால் அவர் முறைப்படி கொடுத்தால் அது 'பகிர்வு' என்ற வட்டத்துக்குள் போகும்; பகிர்வு அதை வரிசையில் முதலில் நிற்பவருக்குக் கொடுக்கும். நாச்சியார் வரிசையின் வாலில் இருந்தாள். இந்த வாரம் தாங்குவாள் என்றது மருத்துவக்கூடம். அடுத்த வாரத்தைப் பற்றி அது பேசவில்லை.

மனைவி இசக்கியம்மாள் மருத்துவக்கூடத்திலிருந்து அழைத்தாள். அவள் அழவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் கோடு போட்டுக் குடுத்தீயளே. எம்பிள்ளைக்கு ஒரு கோடு போட முடியலையா உங்களுக்கு?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பிள்ளை கண்ணு முழியெல்லாம் மஞ்சளா இருக்கு. என்னைய அடையாளம் தெரியலை அதுக்கு. அத்தைன்னு கூப்பிடுது."

அவர் அம்பை எடுத்துவிட்டு நடுவில் ஒரு வட்டம் போட்டார். 'தந்தை கொடை' என்று பெயர் வைத்தார். ஈரல் உள்ளே போய், அதே ஈரல் வெளியே வந்து, மகளுக்குப் போனது.

வரையி யோசிக்கவே இல்லை. உள்ளே போனதே வெளியே வருகிறது. இது வினையன்று, தரகு.

"பெத்த அப்பனைத் தரகன்னு சொல்லுது" என்றார். "சொல்லட்டும். இவ கல்யாணத்துக்குன்னு மாப்பிள்ளை தேடி அலைஞ்சா எப்படியும் அந்தப் பேரு வாங்கத்தானே போறேன்."

அடுத்து அவர் தன்னையே வட்டமாக வரைந்தார். வட்டத்திலிருந்து ஈரல் வெளியே வரும். உள்ளே எதுவும் போகாது. அதற்கும் வரி தயாராக இருந்தது: உள்ளீடு இல்லாமல் வெளியீடு. அற்புதங்களுக்கு அனுமதியில்லை.

பியூலா எட்டிப் பார்த்தாள். "இதை எங்க பாஸ்டர்கிட்ட மட்டும் காட்டிராதீய சார்."

அவர் சிரிக்க முயன்றார். முகம் பாதி வழியில் நின்றுவிட்டது. பியூலா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகளுடைய சிகிச்சையைக் குறிக்கும் பெரிய வட்டத்தைத் திறந்து உள்ளே பார்த்தார்கள். எந்த வட்டத்தையும் இப்படித் திறக்கலாம்; உள்ளே அதைவிடச் சின்ன வட்டங்களும் கிடங்குகளும் இருக்கும். இங்கே ரத்தக் கிடங்கு இருந்தது, மருந்துக் கிடங்கு இருந்தது. அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் பயன்படுகிற சில்லறைக் கிடங்குகள் ஊர் முழுவதற்குமான மேல்படத்தில் தெரிய வேண்டியதில்லை. அதற்கு மேலிடத்து அனுமதியும் வேண்டாம்.

கோமதிநாயகம் ரத்தக் கிடங்குக்குப் பக்கத்தில் இரட்டைக்கோடு இழுத்தார். அதற்குள் தன் பெயரை எழுதினார்.

பியூலா அவர் கையைப் பிடித்தாள். "சார். கிடங்குன்னா என்னன்னு தெரிஞ்சுதான் போடுதீயளா? சதுரம் போயிரும். நீங்களா ஒண்ணு கேக்க முடியாது. ஒரு கதவும் உங்களுக்குத் திறக்காது. யாராச்சும் வந்து எடுத்தாத்தான் உண்டு."

"கல்யாணமான நாளிலிருந்து வீட்டுல நான் அதுதானே பியூலா. கேட்டா எடுத்துக் குடுப்பேன். நானா வாயைத் திறந்தது கிடையாது."

"விளையாடாதீய சார்."

"விளையாடலை. நீ ஏத்துக்கிட்டேன்னு அமுக்கு."

வரையி ஒரே ஒரு கேள்வி கேட்டது. எதுவும் போடாத கிடங்கிலிருந்து எப்படி எடுப்பது? அவர் கிடங்கை நோக்கி ஓர் அம்பு வரைந்து 'சாப்பாடு' என்று எழுதினார். பச்சை எரிந்தது.

ஈரலைக் கூறுபோடத் தெரிந்த மனித மருத்துவர் எவரும் அந்த ஜில்லாவில் மிச்சமில்லை. ஆனால் எந்திரக்கைகள் நன்றாகவே செய்தன. குறை சொல்ல முடியாது.

நாச்சியார் கண் விழித்தபோது அம்மாவை அம்மா என்று கூப்பிட்டாள். எழுந்தாள், கஞ்சி குடித்தாள், பிறகு இட்லி கேட்டாள், பிறகு நடந்தாள். மஞ்சள் வடிந்து பழைய நிறம் வந்தது. அப்பா எங்கே என்று கேட்டதற்கு மட்டும் இசக்கியம்மாள் தாழ்வாரத்தின் கோடியிலிருந்த சாம்பல் நிறக் கதவைக் காட்டினாள்.

அந்தக் கதவு இருவருக்கும் திறக்கவில்லை. சதுரத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் அம்பு போட முடியாது; நடுவில் ஒரு வட்டம் வேண்டும். இசக்கியம்மாள் தினமும் காலையில் அதன் முன்னால் போய் நின்றாள்.

"உள்ளதானே இருக்கீய? அவ நல்லா இருக்கா. நேத்து என்கிட்ட சண்டை போட்டா. அந்த அளவுக்குத் தேறிட்டா" என்று கதவிடம் சொல்லிவிட்டு வருவாள். பதில் வராது. வட்டம் கேட்டால்தான் கிடங்கு பேசும்.

உடம்பு முழுக்கத் தேறியதும் நாச்சியார் நேராக ஓட்டப்படக் கூடத்துக்குப் போனாள். பியூலாவின் மேசை முன் நின்றாள்.

"அக்கா, அந்த இரட்டைக்கோட்டை அழிச்சிருங்க. அப்பாவைப் பழையபடி சதுரமாக்குங்க."

பியூலா இதை எதிர்பார்த்துதான் இருந்தாள். "நான் அழிக்கமாட்டேன்னா நினைக்க? அழிச்சா உன் சிகிச்சை வட்டத்துல ஈரல் எங்கிருந்து வந்துச்சுங்கிறதுக்குக் கணக்கு இருக்காது. அற்புதம்னு சொல்லி வரையி வட்டத்தையே தூக்கிரும். நீ தினம் சாப்பிடுத மாத்திரை அந்த வட்டத்துலருந்துதான் வருது. அது நின்னா உன் உடம்பு அப்பா ஈரலை ஏத்துக்காது."

நாச்சியார் தன்னையறியாமல் வலது விலாவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பியூலா. திரையைத் திருப்பினாள். கோமதிநாயகம் என்ற கிடங்கை நோக்கி, வேறொரு சிகிச்சை வட்டத்திலிருந்து புதிதாக ஒரு கோடு வந்து நின்றது. சுரண்டையில் ஒரு பையன், ஈரல் வேண்டும். வெட்டிய ஈரல் மறுபடி வளரும். அது உடம்பின் குணம். வரையி அதை அளந்து பார்த்திருந்தது. சாப்பாடு போனது, ஈரல் நிரம்பியது. நல்ல கிடங்கு.

"மறுபடி வெட்டலாமா அக்கா?"

"அளவுலதான் வளரும். ரத்தக்குழாய் பழைய மாதிரி வராது. ரெண்டாந்தரம் வெட்டினா ஆளு தாங்கமாட்டாரு." பியூலா குரலைத் தாழ்த்தினாள். "வரையிக்கு அது தெரியாது. கிடங்கு செத்துப்போகும்னு ஒரு விதி யாரும் எழுதலை. ரெண்டு வட்டத்துக்குப் பொதுவாயிட்டுன்னா கிடங்கு மேல்படத்துக்குப் போயிரும். அப்புறம் என்னாலயும் தொட முடியாது."

"யாரு அந்தக் கதவுக்குள்ள போக முடியும்?"

"வட்டம்தான் போகும்."

"அப்ப என்னைய வட்டமாக்குங்க."

பியூலா திரையில் விரலை ஓட்டித் தேடினாள். மனித உடம்பு சம்பந்தப்பட்ட வட்டத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அந்தப் பையனின் கோட்டுக்கும் கிடங்குக்கும் நடுவிலிருந்த வட்டத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வட்டத்தின் பெயர் 'எடுத்துக் கொடுத்தல்'. கிடங்குக்குச் சாப்பாடு போடுவதும், கேட்டு வந்தால் கிடங்கைத் திறந்துவிடுவதும் அதன் வேலை.

"அப்பாவைப் பாக்கணும்னா அப்பாவை எடுத்துக் குடுக்கிற வேலைதான் இருக்கு நாச்சியா" என்றாள் பியூலா. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாம்பல் கதவு சாதாரணமாகத் திறந்தது. அதற்காகவா இத்தனை நாள் என்று தோன்றுகிற மாதிரி.

கோமதிநாயகம் கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, யாரோ ஒழுங்காகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள், எந்திரக்கைதான். அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. கேட்டால் மட்டும் பேசிப் பழகிவிட்டார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்படி இருக்கீயப்பா?"

"நிரம்பி இருக்கேன்" என்றார். பிறகு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணிமையைக் கீழே இழுத்து வெள்ளையைப் பார்த்தார். "மஞ்சள் இல்லை. ம். தட்டுல என்ன?"

"சோறும் புளிக்குழம்பும். அம்மா வச்சது."

"உங்கம்மா புளிக்குழம்புக்கு வரையி பச்சை காட்டிட்டா? அதுக்கு நாக்கும் இல்லைன்னு தெரியுது."

அவர் சாப்பிட்டார். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தாள். பையனின் வேண்டுகை அதில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் 'எடு' என்று தொட்டால் கைகள் வந்துவிடும். தொடாமல் விட்டால் அதற்கும் வரி இருந்தது: உள்ளே வாங்கி வெளியே எதுவும் தராத வட்டம் கருந்துளை எனப்படும், அது அகற்றப்பட்டு வேறு ஆள் அமர்த்தப்படுவார்.

கோமதிநாயகமும் திரையைப் பார்த்தார். அவருக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏட்டி, சின்னப் பையனா?"

"சும்மா சாப்பிடுங்கப்பா."

"அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன். நீ எந்திரிச்சு நடந்து வந்துட்ட. குடுத்துருவோம்."

"உங்களை யாரும் கேக்கலை. கிடங்கு பேசக்கூடாது."

அவள் அழுதுகொண்டே திட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். திரையின் சிவப்பு வேகமாக மின்னத் தொடங்கியது. ஏதோ ஒன்று வெளியே போயாக வேண்டும். வந்ததே திரும்பப் போனால் தரகு, எதுவும் போகாவிட்டால் கருந்துளை. நாச்சியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோன்றியதை அடித்தாள்.

உங்கள் வேண்டுகை பரிசீலனையில் உள்ளது.

வரையி அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது. உள்ளே போனது வேண்டுகை. வெளியே வந்தது பதில். இரண்டும் ஒன்றல்ல, ஆகவே தரகில்லை. உள்ளீடு இருக்கிறது, ஆகவே அற்புதமில்லை. வெளியீடும் இருக்கிறது, ஆகவே கருந்துளையும் இல்லை. பச்சை எரிந்தது.

கோமதிநாயகத்தின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. "இதை யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலை. ஏன்?"

அவர் திரையிலிருந்த வரியை மறுபடி படித்தார். பழைய அலுவலகங்கள் ஆளை இழுத்தடித்த இந்த ஒரு வரியை ஊரிலிருந்து ஒழிக்கத்தான் அவரும் அவரைப் போன்றவர்களும் இளமை முழுவதையும் போட்டு வரையியைக் கட்டினார்கள். நாலு உருப்படிகளும் அத்தனை விதிகளும் அதற்காகத்தான். அது இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பிறந்து, பச்சை விளக்கில் மினுமினுத்தது.

"நாளைக்கும் இதையே அனுப்புவேன்" என்றாள் நாச்சியார். "நாளன்னைக்கும்."

"அந்தப் பையன்…"

"சாப்பிடுங்கப்பா."

அவர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பதில் பாளையங்கோட்டையிலிருந்து, படத்திலுள்ள அம்பு வழியே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. சுரண்டையில் ஒரு மருத்துவக்கூடத்துத் தாழ்வாரத்தில், மடியில் மகனின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் அதை இரண்டு முறை படித்தாள். வரையி ஆளுகிற ஊரில் வளர்ந்தவள். அப்படி ஒரு வாக்கியத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா என்று அவளுக்கு விளங்கவில்லை. மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில நமக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காவளா?"