சத்தம் குறைக்கும் பொத்தான்

யாரும் தொடாமலேயே பொத்தான் அழுந்தியது.

வண்டி அண்ணனுடையது. பழைய ஸ்டீரியோ கெட்டுவிட்டதென்று அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு, விற்பதற்கு முன் மாட்டித் தரச் சொல்லிப் புதிது ஒன்றைக் கொடுத்திருந்தார். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்கள் அதோடு ஒத்துப்போக இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். கடையில் வாங்கினால் தம்பியின் கெத்து என்ன ஆவது? சோப்பு டப்பாவுக்குள் சின்ன சர்க்யூட் ஒன்றை அடக்கி அவனே செய்துவிட்டான். பொத்தானுக்கு ஓர் அடையாள எண்: சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் டப்பாவின் சிறு திரையில் நாற்பது வரும், குறைக்கும் பொத்தானுக்குத் தொண்ணூறு.

இப்போது தொண்ணூறு.

"ரேடியோ டாக்டரே, சாப்பிட வர்றீங்களா, இல்ல அங்கயே பாய் போடட்டுமா?" என்று அடுக்களைச் சன்னலிலிருந்து மனைவி கத்தினாள்.

"இதோ, அஞ்சே நிமிஷம்!"

தகரக் கொட்டகையின் மத்தியான வெக்கையில் ஈயப்புகை நெஞ்சைக் கரித்தது. கழுவிய சீட்டுகளின் சோப்பு மணத்துக்கு அடியிலிருந்து துருப்பிடித்த இரும்பு போல ஒரு வாடை மெல்ல மெல்லக் கிளம்பி அவன் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தான். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். தொண்ணூறு, தொண்ணூறு. பாட்டு தேய்ந்தது. உடனே நாற்பது, நாற்பது என்று ஏறியது. இரண்டு பேர் மல்லுக்கட்டுவது போலிருந்தது.

தூசியாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு குறைக்கும் பொத்தானின் மூடியை நெம்பினான். உள்ளே பாதி நகம், அதில் கத்தரிப்பூ நிறச் சாயம்.

அண்ணி பூசும் சாயம். அவள் மாடிப்படியில் விழுந்து செத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அன்று கிடத்தியிருந்தபோது அவளுடைய வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"முடிஞ்சுதாடா?"

அண்ணன். உள்ளே வந்து கொட்டகைக் கதவை இழுத்தார். ஒரு சாண் இடுக்கு விட்டு நின்றது கதவு.

"அண்ணா... அண்ணி இந்த வண்டியிலயா...?"

அண்ணன் அவன் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். மடியில் வீல் ஸ்பேனர்.

"அவ ரொம்பக் கத்துவாடா," என்றார் பிரியமாக. பாட்டைக் கூட்டும் பொத்தானை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார்.

முதல் அடி முழங்காலில். எலும்பு நொறுங்கியது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டாவது தாடையில். வாய் நிறைய ரத்தம், பற்கள். கத்தினான். அவனுக்கே கேட்கவில்லை.

கதவிடுக்கில் அடுக்களைச் சன்னல் தெரிந்தது. மனைவி கையில் கரண்டியோடு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணி எதற்காகச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தாள் என்று. வெளியே யாருக்காவது கேட்காதா என்றுதான்.

கையை நீட்டினான். ஸ்பேனர் இறங்கியது. மறு கையை நீட்டினான். பொத்தானைத் தொட்டான்.

அவன் விரலுக்கு அடியில் இன்னொரு விரல். சில்லென்று. பாதி நகத்தோடு. முன்பிருந்தே அழுத்திக்கொண்டு.

அண்ணனின் விரல் கூட்டும் பொத்தானை விடவில்லை. திரையில் நாற்பது.