பேரீச்சம்பழம் போட்ட சாம்பார்

"கோல்டு ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்டேன்ணே, ஐஸ் புடிச்ச கதவு திறக்க மாட்டேங்குது"ன்னு தவசி ஹெல்மெட் மைக்ல கத்துனான். அந்தப் பக்கம் போய்ச் சேந்தது வேற. ஹெல்மெட் கண்ணாடியில பச்சை எழுத்தா ஓடுச்சு: "கல்யாண வீட்ல மாட்டிக்கிட்டேன்ணே, கிளம்ப விட மாட்டேங்குறாங்க."

லைன்ல இருந்த மீன்கொத்தி சிரிச்சாரு. "அப்ப பந்தியில உக்காந்துட்டே வாடா கொக்கு."

எல்லாம் ஹெல்மெட்ல இருக்குற மறைப்பான் வேலை. முன்ன பின்ன தெரியாத ஆளோட பேசணும்னா அது இல்லாம பேசக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. குரல மாத்தும். பேருக்குப் பதிலா ஒரு பறவை பேரு குடுக்கும்; தவசி கொக்கு, அந்தப் பக்கத்து ஆளு மீன்கொத்தி. ஊரு, வேலை, தெரு எதச் சொன்னாலும் அதுக்குத் தோதா ஒரு பொய்ய வச்சு அனுப்பும். கேக்குறவனுக்கும் பொய்ன்னு தெரியும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. தவசிக்கு அது சாமி மாதிரி. கூட்டிட்டு வந்த ஏஜென்ட் பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சுக்கிட்டு அடிச்சான்னு ஓடி வந்து, இந்தப் பாலைவன ஊர்ல வேற ஒருத்தன் அடையாளக் கார்டுல வேலை பாக்குறவன் அவன். ஏஜென்ட் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்.

செல்போன கேட்லயே வாங்கி வச்சுருவாங்க. சூப்பர்வைசர் லைன்ல யாரும் எடுக்கல. உள்பக்க லிவர் ஐஸ் புடிச்சு அசையல. மிச்சம் இருந்தது, லேபர் மனசு லேசாகட்டும்னு கம்பெனி குடுத்த இந்த அரட்டை லைன் ஒண்ணுதான்.

"விளையாடல அண்ணே. செத்துருவேன். ஆள அனுப்புங்க."

கண்ணாடியில: "விளையாடல அண்ணே. பாட்டுக் கச்சேரி. நீங்களும் வாங்க."

ஆபத்துன்னு அழுது அழுதே அட்ரஸ் வாங்குன திருடனுங்க நிறைய. அதனால யாராவது ஆபத்துன்னா மறைப்பான் இன்னும் இறுக்கிப் புடிக்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. தவசிக்கு விரல் மரத்துப் போச்சு. கண்ணு சொருகுச்சு.

"சரி, சாப்டியா? என்ன சாப்பாடு?"ன்னு கேட்டாரு மீன்கொத்தி. தினம் கேக்குறதுதான்.

தவசி பக்கத்துல கிடந்த தூக்குச் சட்டியப் பாத்தான். "சாம்பார் சோறுண்ணே. உறைஞ்சு கல்லாயிருச்சு. பேரீச்சம்பழத்தக் கடிச்சா பல்லு போயிரும்."

கண்ணாடியில அதே வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறல. சோத்த வச்சு ஒருத்தன அடையாளம் கண்டுபுடிக்கலாம்னு மறைப்பானச் செஞ்சவனுக்குத் தோணவே இல்ல.

மீன்கொத்தி சிரிப்ப நிறுத்துனாரு. அப்புறம் மெதுவா, "சாம்பாரு உறைஞ்சிருச்சா?"

"ஆமாண்ணே."

லைன் கட்டாயிருச்சு.

கதவு இடிபட்டுத் திறந்தப்ப முதல்ல வந்தது வெங்காய வாடை. பின்னாடியே காக்கிச் சட்டையில ஒரு பெரிய உடம்பு, கையில கடப்பாரையோட.

"கொக்குன்னா ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன். சரியாத்தான் இருக்க."

"மீன்கொத்தி அண்ணனா?"

"இஸ்மாயில். லேபர் கேம்ப்புக்கெல்லாம் காய்கறி வண்டி ஓட்டுறேன். சாம்பார்ல பேரீச்சம்பழத்தப் போடுற பைத்தியக்காரன் இந்த ஊர்ல உங்க மெஸ் சமையக்காரன் ஒருத்தன்தான். இந்த வெயில்ல அது உறையுதுன்னா நீ வேற எங்கடா இருப்ப? உங்க கேம்ப் ஆளுக்குக் கோல்டு ஸ்டோர் இது ஒண்ணுதான்."

"அப்ப என் கேம்ப் எதுன்னு…"

"அது தெரிஞ்சு மூணு மாசமாச்சு. மீன் துண்டு கிடைக்கலன்னு அழுதியே, அன்னைக்கு மீன் பத்தாமப் போனது பி பிளாக்குக்கு மட்டும்தான், அதுவும் தெரிஞ்சு போச்சு. நான் எதுக்குடா வெளிய சொல்லப் போறேன்."

இஸ்மாயில் போத்திவிட்ட கம்பளியால தவசி மூஞ்சிய மூடிக்கிட்டான். குளிருனால இல்ல. இவருக்குத் தெரியும்னா ஏஜென்டுக்கும் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? உயிரக் காப்பாத்துன மனுசன்தான், கால்ல விழணும்போல இருந்துச்சு. ஆனா ரூமுக்குப் போனதும் முதல் வேலையா மறைப்பான் ஆபீசுக்குப் புகார் அனுப்புனான்: சாப்பாட்ட வச்சு ஆளக் கண்டுபுடிக்கலாம், அந்த ஓட்டைய அடைங்க. ரொம்ப நன்றின்னு பதில் வந்துச்சு. ரெண்டு நாள்ல அடைச்சுட்டாங்க. அதுக்கப்புறம்தான் அவனுக்கு ஒழுங்காத் தூக்கமே வந்துச்சு.

அடுத்த வாரம் சாமான் ஏத்திக்கிட்டிருந்தப்ப லைன்ல சிட்டுங்கற பேர்ல ஒரு புதுக்குரல்.

"யாராவது இருக்கீங்களா? கல்யாண வீட்ல மாட்டிக்கிட்டேன், கிளம்ப விட மாட்டேங்குறாங்க."

தவசி கையில இருந்த பெட்டி கீழ விழுந்துச்சு. ஊரெல்லாம் கோல்டு ஸ்டோர். எதுன்னு போய்த் தேடுறது?

"சாப்டியா? என்ன சாப்ட்ட, சொல்லு."

"இட்லி."

"இட்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா."

"பூரி."

"இப்ப இட்லின்ன? உன் சோறு சூடா இருக்கா, ஆறிப்போச்சா? அத மட்டும் சொல்லு."

"சூடா இருக்குண்ணே"ன்னுச்சு அந்தக் குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல பல்லு அடிச்சுக்குற சத்தம். அத மட்டும் மறைப்பான் இன்னும் மறைக்கல.